தலைவாசல் கதவுக்கு நிறம் பார்ப்பது எப்படி?

சுவர் நிறத்துக்காக ஒரு மாதம் சண்டை போடுகிற குடும்பங்கள்கூடக் கதவின் நிறத்தைக் கடைசி நாளில்தான் முடிவு செய்கின்றன. எல்லாச் சுவரும் அடித்து முடித்ததும் பெயின்டர் வந்து, "கதவுக்கு பிரவுனே அடிச்சிடலாமா சார்?" என்று கேட்பார். நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். பிரவுன் கெட்ட நிறம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த பிரவுன், எவ்வளவு அடர்த்தி, கதவின் மேல் விழும் வெளிச்சம் எப்படி என்று பார்க்காமல் அடித்தால், போர்டிகோ நிழலில் அது கறுப்பாகத்தான் தெரியும். தெருவிலிருந்து பார்த்தால் கதவு இருக்கும் இடத்தில் ஓர் இருட்டு.

முதல்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கதவின் நிறத்தைச் சுவரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுவர் ஐந்தாறு வருடத்தில் மாறிவிடும். தரை, படிக்கல், கிரில், ஓடு இவையெல்லாம் அப்படியே இருக்கும். கதவு பொருந்த வேண்டியது இவற்றோடும், அதன் மேல் விழும் வெளிச்சத்தோடும்தான்.

முதலில், அது பெயின்ட் அடிக்க வேண்டிய கதவுதானா?

நல்ல தேக்குக் கதவாக இருந்தால் நிறம் தேட வேண்டாம். வார்னிஷோ மெலமைன் பாலிஷோ பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷோ போட்டு மரத்தின் வரிகளைத் தெரிய விடுங்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இருக்கும் பர்மாத் தேக்குக் கதவுகளுக்கு எனாமல் அடிப்பது கொடுமை. செதுக்கு வேலையின் பள்ளங்களில் பெயின்ட் போய் அடைந்துகொண்டால், பிறகு அதைச் சுரண்டி எடுக்கும் கூலியில் ஒரு புதுக் கதவே வாங்கிவிடலாம். தேக்கிலும் நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அந்த மரத்துக்கு இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) அடிக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டாமல் உரியும்.

வேம்பு, பலா, குமரி மாவட்டத்து அயனி போன்ற நாட்டு மரக் கதவுகள் பாலிஷுக்கும் வரும், பெயின்ட்டுக்கும் வரும். வெவ்வேறு மரங்களைச் சேர்த்து அடித்த கதவு, ஒட்டுப் போட்ட பழைய கதவு, தட்டையான பிளைவுட் ஃபிளஷ் டோர், இரும்புக் கதவு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. கதவு இவற்றுக்கெல்லாம் பெயின்ட்தான் அழகு.

பழைய பெயின்ட் இருக்கிற கதவு என்றால் ஓர் எச்சரிக்கை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி வீடெங்கும் பரவும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். முகமூடி கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்தப் பக்கம் வர வேண்டாம். விழுந்த தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்து மூட்டை கட்டிப் போடுங்கள். வாசலில் பெருக்கித் தள்ளிவிடக் கூடாது.

அடுத்து, மாறாதவற்றை எழுதிக்கொள்ளுங்கள்

எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போய் நின்று வீட்டை ஒரு போட்டோ எடுங்கள். வெயில் நேராக அடிக்காத நேரமாக இருந்தால் நல்லது. போட்டோவில் கதவைச் சுற்றி என்னென்ன தெரிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். படிக்கல் கறுப்பு கிரானைட்டா, சிவப்பா? சிட்அவுட் தரை ரெட் ஆக்சைடா, டைல்ஸா? எலிவேஷனில், அதாவது வீட்டின் முன்முகப்பில், கல்லோ மரம் மாதிரி டைலோ ஒட்டியிருக்கிறதா? கிரில்லும் கேட்டும் என்ன நிறம்? மேலே மங்களூர் ஓடா, வெறும் காங்கிரீட்டா? இவற்றில் எதை அடுத்த பத்து வருடத்துக்கு மாற்ற மாட்டீர்களோ அதற்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் சுவருக்கு அடிக்கோடு விழாது.

இந்தப் பட்டியலில் பலரும் விட்டுவிடுவது நிலைப்படியை. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற வீடாக இருக்கலாம், அல்லது வேலை மிச்சம் என்று மஞ்சள் எனாமலே அடித்துச் சிவப்புப் பொட்டு வைத்த வீடாக இருக்கலாம். எப்படியானாலும் கதவின் அடியில் ஒரு பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் எப்போதும் இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறம் அதற்கு மேலேதான் நிற்கப் போகிறது. மஞ்சள்-குங்குமத்தோடு இலைப்பச்சை, பாட்டில் பச்சை, அடர் நீலம், பாக்கு நிறம், அரக்கு எல்லாம் நன்றாகப் போகும். வெளிர் ரோஸும் லாவண்டரும் போகாது. வெளிநாட்டுப் படங்களில் பார்த்து ஆசைப்பட்ட மெல்லிய நிறங்கள் நம் வாசலில் சோகையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். மாவிலைத் தோரணம் பச்சையாக இரண்டு நாள், சருகாக இரண்டு மாதம் தொங்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்து டைலின் மேல், கல்லின் மேல், சுவரின் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளை என்றும் சாம்பல் என்றும் நினைத்துக்கொண்டிருந்த டைல் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் லேசாக மஞ்சள் தட்டும், அல்லது நீலம் தட்டும். மஞ்சள் தட்டினால் அரக்கு, காவி, பாக்கு, ஆலிவ் பச்சை போன்ற சூடான நிறங்கள். நீலம் தட்டினால் அடர் நீலம், மயில்கழுத்து, கரும்பச்சை, நீலம் கலந்த சாம்பல். இரண்டும் கலந்திருக்கிற வீடுகளும் உண்டு. மஞ்சள் தட்டும் கோட்டா கல்லுக்கு மேல் நீலம் தட்டும் சாம்பல் சுவர் என்று. அப்போது தரையின் பக்கம் நில்லுங்கள்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை வாஸ்துவுக்காக எல்லோரும் தெரிந்து வைத்திருப்போம். அதையே வெயிலுக்காகவும் பயன்படுத்தலாம்.

மேற்குப் பார்த்த கதவு மதியத்துக்கு மேல் வறுபடும். அடர் நிறங்கள் வெப்பத்தை உள்ளே இழுக்கும். மரக் கதவில் பலகை இணைப்புகள் விரிந்து சுருங்கி, பெயின்ட்டில் கோடு கோடாக வெடிப்பு வரும். இரும்புக் கதவு என்றால் மாலை நான்கு மணிக்குக் கைப்பிடியைத் தொட முடியாது. மேற்கு வாசலுக்கு நடுத்தர அடர்த்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில நிற அட்டைகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான அளவு அது. சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 100. நேர் வெயில் விழும் கதவுக்கு 10-க்குக் கீழே உள்ள நிறங்களை நான் தொடவே மாட்டேன்.

கிழக்கு வாசலுக்குக் காலை வெயில் இதமானதுதான். ஆனால் சென்னையிலும் டெல்டாவிலும் வடகிழக்குப் பருவமழைச் சாரல் நேராக அந்தக் கதவில்தான் அடிக்கும். கதவின் கீழ் அரையடி ஊறி உப்பும். அங்கே நிறத்தைவிடக் கதவின் அடி விளிம்புக்கு பெயின்ட் போயிருக்கிறதா என்பதுதான் முக்கியம். பெயின்டர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள்.

தெற்கு வாசலில் மார்கழி, தை மாதங்களில் சாய்ந்த வெயில் உள்ளே வரைக்கும் வரும். வடக்கு வாசலில் வெயிலே விழாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் ஊரில் அது முழு உண்மை இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில்தான் உச்சிக்குத் திரும்பி வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கு பார்த்த கதவிலும் காலையும் மாலையும் வெயில் படும்.

எந்த நிறம் வெளுக்காது என்ற கேள்விக்கு ஓரளவு நம்பகமான பதில் உண்டு. இரும்பு ஆக்சைடில் இருந்து வரும் காவி, செங்கல், அரக்குச் சாயல் நிறங்கள் வெயிலுக்கு அசைவதில்லை. அடர் நீலமும் அடர் பச்சையும் நன்றாகவே தாங்கும். பளீர் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் ஆரஞ்சும்தான் சீக்கிரம் வெளுக்கும். அவை மிகவும் பிடிக்கும் என்றால் நிழலில் இருக்கும் கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பல கதவுகள் போர்டிகோவுக்கோ சிட்அவுட்டுக்கோ உள்ளே தள்ளி இருக்கின்றன. போதாக்குறைக்கு முன்னால் ஒரு கிரில் கதவு. இந்தக் கதவுகளுக்கு வெயில் பிரச்சினை இல்லை, இருட்டுதான் பிரச்சினை. அட்டையில் நீங்கள் பார்த்த நிறத்தைவிட இரண்டு படி அடர்த்தியாக அங்கே தெரியும். எனவே பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே வரிசையில் இரண்டு கட்டம் வெளிர்ப்பக்கம் வாருங்கள்.

வீட்டுக்கு வீடு

சந்தன நிறம் அல்லது கிரீம் சுவர், ரெட் ஆக்சைடு அல்லது செந்நிற டைல் தரை. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் கூட்டணி இதுதான். இதற்கு அரக்குக் கதவு வைத்தால் தரையும் கதவும் ஒன்றாகிக் கனத்துவிடும். பாட்டில் பச்சை மிகச் சரியாக உட்காரும். பாக்கு நிறமும் பரவாயில்லை.

வெள்ளையும் சாம்பலுமாக, கண்ணாடிக் கைப்பிடிச் சுவரோடு எழும்பும் புது வீடுகளில் எலிவேஷனில் மரம் மாதிரி அச்சடித்த டைல் ஒரு பட்டையாவது இருக்கும். அதோடு பொருத்துகிறேன் என்று கதவுக்கும் பிரவுன் அடிப்பார்கள். இரண்டு பிரவுனும் ஒருநாளும் ஒன்று சேராது. டைலின் பொய் மரத்தைக் கதவு காட்டிக்கொடுக்கும், கதவின் குறையை டைல் காட்டிக்கொடுக்கும். துணிந்து விலகிப் போங்கள். மயில்கழுத்து நிறமோ நீலச் சாம்பலோ அங்கே அழகு. நிழலான வாசல் என்றால் மாம்பழ மஞ்சள்கூட நிற்கும்.

ரோஸ், லாவண்டர், கிளிப்பச்சை என்று சுவரே உரக்கப் பேசுகிற வீடுகளில் கதவு அடங்கியிருக்கட்டும். பாக்கு நிறம் போதும். அடுத்த முறை சுவர் மாறும்போதும் கதவு பிழைத்துக்கொள்ளும்.

மங்களூர் ஓடு, வெள்ளைச் சுவர் உள்ள பழைய வீட்டுக்குப் பச்சை, நீலம், காவி எதுவும் பொருந்தும். நல்ல வீடு எதையும் தாங்கும் என்பார்களே, அந்த வகை. பூசாத செங்கல் சுவருக்கும் செம்பாறாங்கல் சுவருக்கும் மட்டும் சிவப்புக் குடும்பத்தைத் தள்ளி வையுங்கள்.

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியைப் பார்த்துவிட்டு வந்து ஊரில் சுவருக்குக் கடுகு மஞ்சள் அடிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அங்கே அந்த மஞ்சளைத் தூக்கிக் கொடுப்பது சுற்றியிருக்கும் வெள்ளைப் பட்டைகள். அதை விட்டுவிட்டு மஞ்சளை மட்டும் எடுத்து வந்தால் எந்தக் கதவு வைத்தாலும் எடுபடாது. முதலில் நிலையைச் சுற்றி வெள்ளைப் பட்டை, பிறகு சாம்பல் கலந்த பச்சையில் கதவு என்று முயன்று பாருங்கள்.

சேர்க்கை நிறங்களில் ஒரு கவனம் வேண்டும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தாலே கட்சிக் கொடி என்பார்கள். நடுவில் வெள்ளையை வைத்தால் இன்னொரு கட்சி. காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்டால் கோயில் மதில். தேர்தல் நேரத்தில் வாசலில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. கறுப்புக் கதவு என்றால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட, வெயிலில் பார்த்தால் மட்டும் பச்சை என்று தெரிகிற கரும்பச்சைக்குப் போவது குடும்பத்துக்கு நல்லது. வாஸ்துப்படி ஒரு நிறம் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அந்த நிறத்துக்குள்ளேயே நூறு சாயல்கள் உண்டு. தேர்வு அப்போதும் உங்கள் கையில்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: கதவின் வெளிப்பக்கத்தை மாற்றலாமா என்று அசோசியேஷனில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அட்டையை நம்பாமல் பார்ப்பது

நிற அட்டையில் இருக்கும் கட்டம் தீப்பெட்டி அளவுகூட இருக்காது. கடையின் டியூப்லைட்டில் மேசை மேல் கிடத்திப் பார்த்து ஏழடிக் கதவுக்கு முடிவெடுக்க முடியாது. மூன்று நிறங்களுக்குக் குறைத்துக்கொண்டு, கிடைக்கிற மிகச் சிறிய டப்பாவில் ஒவ்வொன்றையும் கலந்து வாங்குங்கள். இரண்டடிக்கு ஒரு அடி பிளைவுட் துண்டுகளில் பிரைமர் போட்டு, இரண்டு கோட் அடித்துக் காய வையுங்கள். ஒரு கோட்டில் நிறம் முழுதாக வராது.

அந்தத் துண்டைக் கதவின் மேல் நிமிர்த்தி, கட்டித் தொங்கவிடுங்கள். கிரில்லைச் சாத்திவிட்டுத் தெருவில் இருந்து பாருங்கள். காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, இரவில் வாசல் விளக்கைப் போட்டு ஒருமுறை. வாசலில் இருப்பது வெள்ளை எல்.இ.டி.யா, மஞ்சள் எல்.இ.டி.யா என்பதைப் பொறுத்து நிறம் வேறாகத் தெரியும். மஞ்சள் விளக்கில் நீலம் மங்கும், வெள்ளை விளக்கில் அரக்கு செத்துப்போகும். விளக்கை மாற்றுவது கதவை மாற்றுவதைவிட மலிவு என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் வீடுகளில் பகல் முழுக்கக் கதவு திறந்தே இருக்கும். உள்பக்கம் திறக்கிற கதவைச் சுவரோடு சாத்தி வைத்தால், தெருவைப் பார்த்த அதன் முகம் அப்போது ஹாலைப் பார்த்து நிற்கும். தெருவுக்காக நீங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தை அதிக நேரம் பார்க்கப் போவது டி.வி. முன் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அதனால் அதே துண்டை ஹால் சுவரிலும் சாய்த்து வைத்துப் பார்த்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போது வெளியே தெரிவது நிலை மட்டும்தான். சின்னக் கதவு பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நிலைக்கும் அதே நிறம். வெள்ளை நிலை அழகுதான், ஆனால் குங்குமக் கறையும் கைரேகையும் முதல் மாதத்திலேயே ஏறிவிடும்.

கிரில்லுக்குக் கதவின் நிறத்தையே அடிக்க வேண்டாம். கறுப்பு அல்லது கரும் சாம்பல் அடித்தால் கம்பிகள் கண்ணில் இருந்து பின்வாங்கி, பின்னால் இருக்கும் கதவு முன்னுக்கு வரும். வெள்ளைக் கிரில் கதவை மறைத்துவிடும்.

பளபளப்பு எவ்வளவு?

முழு கிளாஸ் எனாமல் கழுவுவதற்கு எளிது, ஆனால் கதவின் மேடு பள்ளம் அத்தனையும் காட்டும். மேட் அழகாக இருக்கும், கை படும் இடத்தில் அழுக்கு ஏறும். தலைவாசலுக்கு இரண்டுக்கும் நடுவிலான சாட்டின் ஃபினிஷ்தான் என் தேர்வு. எண்ணெய் எனாமலில் வெள்ளையும் கிரீமும் வெளிச்சம் படாத பக்கத்தில் நாளடைவில் மஞ்சளாகும். வெளிர் நிறம் என்றால் தண்ணீரில் கரைக்கும் எனாமல் வாங்குங்கள்.

அடிக்கும் நாள்

பொங்கலுக்கு முன் பெயின்டர் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் காற்றில் ஈரம் இருக்கும், மழையில் உப்பிய கதவும் வற்றியிருக்காது. தை முடிந்து மாசியில் வைத்துக்கொண்டால் ஆளும் கிடைக்கும், பெயின்ட்டும் நன்றாகக் காயும். கதவு நிலையில் உரசுகிறது என்றால் முதலில் ஆசாரியை அழைத்து இழைத்துவிடுங்கள். பெயின்ட்டின் தடிப்பும் சேர்ந்தால் இன்னும் இறுகும்.

மூன்றரைக்கு ஏழடிக் கதவின் ஒரு பக்கம் சுமார் 25 சதுர அடி. இரண்டு பக்கம், நிலை எல்லாம் சேர்த்து இரண்டு கோட்டுக்கு 1 லிட்டர் இழுபறியாக இருக்கும். கூட 500 மில்லி வாங்கி, இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பியுங்கள். மெஷினில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா ஒரு துளி வித்தியாசம் வரும்.

கைப்பிடி, தாழ்ப்பாள், பெயர்ப்பலகை, தோரண ஆணி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற முடியாத பூட்டுக்கும் கீலுக்கும் மாஸ்கிங் டேப். பழைய எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, 120 நம்பர் உப்புத்தாள், பிரைமர், ஓட்டைகளுக்குப் பட்டி, மறுபடி 220-ல் மென்மையாக ஒரு தேய்ப்பு, அப்புறம் இரண்டு கோட். இரும்புக் கதவுக்கு மெட்டல் பிரைமர், அதுவும் துரு முழுக்கப் போன பிறகு. கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பிரஷ் போயிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

வேலையைக் காலை எட்டு மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். தலைவாசல் கதவை ராத்திரி சாத்தியாக வேண்டுமே. எண்ணெய் எனாமல் மாலைக்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும், ஆனாலும் நிலையோடு இறுகச் சாத்தினால் பிடித்துக்கொள்ளும், காலையில் பிரிக்கும்போது பெயின்ட் உரிந்து வரும். கிரில் இருக்கிற வீடு என்றால் அன்றிரவு அதைப் பூட்டிக்கொண்டு, கதவை ஒருக்களித்து விடுங்கள். கிரில் இல்லையென்றால் சாத்துகிற இடத்தில் மெழுகுத்தாள் வைத்துச் சாத்தலாம். கைப்பிடியை மறுநாள் மாட்டினால் போதும்.

மீந்த பெயின்ட்டை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் நிறைய ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். நிற எண், பேஸ் (நிறம் கலக்கும் அடிப்படை பெயின்ட்), ஃபினிஷ், வாங்கிய மாதம் நான்கையும் பாட்டிலின் மேல் எழுதுங்கள். சாவிக்கொத்து உரசிப் பூட்டைச் சுற்றி விழும் கீறல்களுக்கு அந்தப் பாட்டிலும் ஒரு சின்ன பிரஷும் போதும்.